3 + 3 (ஐஸ்லி பிரதர்ஸ் இசைத்தொகுப்பு)

3 + 3 என்பது அமெரிக்காவின் ஐஸ்லி பிரதர்ஸ் குழு 1973 ஆகஸ்டில் வெளியிட்ட இசைத்தொகுப்பு (ஆல்பம்) ஆகும். சோல், ஃபங்க் ஆகிய இசை வகைகளோடு ராக் இசையின் மின்கிதார் ஒலியையும் கலந்த ஒன்பது பாடல்கள் இதில் உள்ளன. ஒரு குடும்பத்தின் பாடகர் குழு முழுமையான இசைக்குழுவாக வளர்ந்ததை இதன் பெயரே ஒரு கூட்டல் கணக்காகச் சொல்கிறது.

சோல், ஃபங்க்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்முறையும் ரிதம் அண்ட் புளூஸ் இசையும் கலந்து பிறந்தது சோல். இதில் பாடகரின் குரலும் உணர்ச்சியும் முதன்மை பெறும். அதிலிருந்து 1960களில் கிளைத்தது ஃபங்க். இதில் மெட்டைவிடத் தாளமும் பேஸ் கிதாரும் முன்னிற்கும்.

பின்னணி

ஓகெல்லி, ரூடால்ஃப், ரொனால்ட் ஆகிய மூன்று சகோதரர்கள் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் தேவாலயப் பாடல்களைப் பாடி வளர்ந்தவர்கள். 1962இல் இவர்கள் பாடிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாடலை மறு ஆண்டு பீட்டில்ஸ் குழுவும் பாடிப் பதிவு செய்தது. 1965இல் மோட்டவுன் நிறுவனத்தில் சேர்ந்தனர். அங்கே பாடலாசிரியர்களும் தயாரிப்பாளர்களும் பெரும்பாலும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே. தங்கள் இசையைத் தாங்களே தீர்மானிக்க விரும்பிய சகோதரர்கள் 1968இல் அதிலிருந்து விலகி, தங்கள் சொந்த நிறுவனமான டி-நெக்கை மீண்டும் தொடங்கினர். அதன்வழி 1969இல் வெளியான 'இட்ஸ் யுவர் திங்' கிராமி விருது பெற்றது.

பெயரின் பொருள்

முதல் 3, பாடகர்களான மூத்த சகோதரர்கள். இரண்டாம் 3, வாத்தியம் இசைத்த இளையவர்கள்: கிதார் கலைஞர் எர்னி ஐஸ்லி, பேஸ் கிதார் கலைஞர் மார்வின் ஐஸ்லி, விசைப்பலகைக் கலைஞர் கிறிஸ் ஜாஸ்பர். ஜாஸ்பர், ரூடால்ஃபின் மனைவியுடன் பிறந்த தம்பி. இளையவர்கள் இதற்கு முன்பே அண்ணன்மார்களின் பதிவுகளில் வாசித்து வந்தனர். எனினும் குழுவின் உறுப்பினர்களாக அவர்கள் முறையாக இடம்பெற்றது இத்தொகுப்பில்தான். அப்போது அவர்கள் இருபது வயதை ஒட்டியவர்கள்.

பாடல்கள்

முதற்பாடலான 'தட் லேடி', மூத்தவர்கள் 1964இல் பாடிய பாடலின் புது வடிவம். பழைய பதிவு மென்மையானது. புதியதில் எர்னியின் கிதார், ரொனால்டின் குரலுக்கு இணையான இன்னொரு குரலாகவே ஒலிக்கிறது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1964இல் இக்குழுவில் கிதார் வாசித்து, ஐஸ்லி குடும்பத்தின் வீட்டிலேயே தங்கியிருந்தார். அப்போது சிறுவனாக இருந்த எர்னி அவர் வாசிப்பை அருகிருந்து கேட்டவர். இப்பாடல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 6ஆம் இடம் பெற்றது.

ஜேம்ஸ் டெய்லர், டூபி பிரதர்ஸ், ஜோனத்தன் எட்வர்ட்ஸ், சீல்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் ஆகியோரின் பாடல்களும் இதில் உள்ளன. இவர்கள் நாட்டார், ராக் இசைக் கலைஞர்கள். அவர்களுடைய பாடல்களை ஐஸ்லி குழு அப்படியே பாடாமல் சோல் முறைக்கு மாற்றியது. சீல்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸின் 'சம்மர் பிரீஸ்' மூன்றரை நிமிட அளவிலான இதமான பாட்டு. ஐஸ்லி குழுவிடம் அது நீண்ட கிதார் வாசிப்புடன் ஆறு நிமிடப் பாடலாயிற்று. இறுதிப் பாடலான 'தி ஹைவேஸ் ஆஃப் மை லைஃப்' ஜாஸ்பரின் பியானோவை முன்னிறுத்துகிறது.

தாக்கம்

பின்னணி இசைக்கு வெளியாரை நம்பியிருந்த பாடகர்கள், இதன்பின் இசையமைப்பு, வாசிப்பு, குரல் மூன்றையும் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே கொண்டனர். ஆறு பேரின் கூட்டு பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. 1984இல் இளையவர் மூவரும் பிரிந்து ஐஸ்லி-ஜாஸ்பர்-ஐஸ்லி என்ற தனிக்குழு அமைத்தனர். 2014இல் ராப் கலைஞர் கென்ட்ரிக் லாமார் தம் 'ஐ' பாடலுக்குத் 'தட் லேடி'யையே அடிப்படையாகக் கொண்டார்.