குந்தத் தெரிந்த செயற்கைக் கால்

ஒரு நாளில் எத்தனை முறை நாம் தரையில் உட்கார்ந்து எழுகிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? உணவருந்தச் சம்மணமிடுகிறோம். கழிப்பறையில் குந்துகிறோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். வயல் வரப்பில் வெறுங்காலுடன் நடக்கிறோம். ஒரு காலை இழந்தவருக்கு இவை ஒவ்வொன்றும் பெரும் சோதனை. அவருக்குப் பொருத்தப்படும் செயற்கைக் கால் இவற்றுக்கு இடம் கொடுக்குமா, கொடுக்காதா? அவருடைய மறுவாழ்வே அதைப் பொறுத்துத்தான் அமைகிறது.

நாற்காலிக்கு ஏற்ற பாதம்

1950-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 'சாக்' என்னும் செயற்கைப் பாதம் உருவாக்கப்பட்டது. அதன் நடுவே விறைப்பான கட்டையும், குதிகாலில் மெத்தென்ற ரப்பரும் இருக்கும். குதிகாலை ஊன்றும்போது ரப்பர் அழுந்தி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கணுக்காலில் அசையும் மூட்டு கிடையாது. பூட்ஸ் அணிந்து, சமமான பாதையில் நடந்து, நாற்காலியில் அமர்பவருக்கு இந்தப் பாதம் நன்றாகவே பயன்பட்டது. எனவே உலகின் பல நாடுகளுக்கும் பரவியது.

தரையில் வாழ்பவருக்கு இது ஏன் போதவில்லை? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி முன்புறம் சற்றும் சாயாமல், செங்குத்தாக வைத்தபடியே குந்த முயலுங்கள். பின்புறமாக விழுந்துவிடுவீர்கள்!

காரணம் எளியது. உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் செங்குத்துக்கோடு பாதத்தின் பரப்புக்குள் விழுந்தால்தான் நாம் நிலையாக இருக்க முடியும். குந்தும்போது இடுப்பு பின்னால் போகிறது. அதை ஈடுசெய்யக் கணுக்கால் மடங்கி முழங்கால் முன்னால் வருகிறது. மடங்காத கணுக்காலில் இது நடவாது.

சம்மணமிடும்போது பாதத்தின் வெளிப்புறம் தரையில் அழுந்த, பாதம் உட்புறமாகத் திரும்பி இடம் கொடுக்கிறது. கட்டைப் பாதம் அவ்வாறு திரும்பாது. தரை கொடுக்கும் அழுத்தம் காலையே திருகும்.

ஒரு கல்லின் கணக்கு

மேடு பள்ளமான நிலத்தில் நடப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் செயற்கைக் காலை ஊன்றுகிறார். விசை ஏறத்தாழ 600 நியூட்டன். பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கல் இருக்கிறது. அப்போது உண்டாகும் திருப்புத்திறன் 600 × 0.03 = 18 நியூட்டன்-மீட்டர்.

நம் இயற்கைப் பாதமானால் பக்கவாட்டில் சரிந்து கல்லுக்கு இணங்கிவிடும். விறைப்பான பாதம் இணங்காது. திருப்புத்திறனை மேலே அனுப்பிவிடும். எஞ்சியிருக்கும் கால் பகுதி செயற்கைக் காலின் உறைக்குள் அல்லவா இருக்கிறது? அங்கே 12 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு இடங்களில் எதிரெதிர்த் திசைகளில் உறை அழுத்துவதாகக் கொண்டால், ஒவ்வோரிடத்திலும் 150 நியூட்டன் விசை, அதாவது சுமார் 15 கிலோகிராம் எடை, தோலை அழுத்தும். நாள் முழுவதும் இப்படி நடந்தால் புண் உண்டாகாமல் இருக்குமா?

ஜெய்ப்பூரில் பிறந்த விடை

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராக இருந்தவர் பி. கே. சேத்தி. செயற்கைக் கால் பெற்றுச் சென்றவர்கள் சிலர் அதை ஒதுக்கிவிட்டு மீண்டும் ஊன்றுகோலுடன் நடப்பதை அவர் கண்டார். குறை மனிதரிடம் இல்லை, காலில்தான் இருக்கிறது என்பதை உணர்ந்தார். அதே மருத்துவமனையில் பணியாற்றிய, அதிகப் பள்ளிப்படிப்பு இல்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அவரும் சேர்ந்து, 1968-இல் ஒரு புதிய பாதத்தை உருவாக்கினார்கள்.

அதில் மரக்கட்டை கணுக்காலோடு நின்றுவிடுகிறது. முன்பாதமும் குதிகாலும் நுண்துளை ரப்பரால் ஆனவை. டயர்களில் பயன்படும் நூலிழை பதித்த ரப்பரால் இவற்றைச் சுற்றிக் கட்டி, தோல் நிற ரப்பரால் மூடி, அச்சிலிட்டுச் சூடேற்றுகிறார்கள். கீல் எதுவும் இல்லாமலேயே, ரப்பரின் மீள்தன்மையால் பாதம் மேல்நோக்கி மடங்குகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, சற்றுத் திரும்பவும் செய்கிறது. விரல்களுடன் இயற்கைப் பாதம் போலவே தோன்றுவதால் காலணி தேவையில்லை. சேற்றிலும் நீரிலும் இறங்கலாம். 1981-இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது.

அதே 1981-இல் தமிழ்நாட்டில் நேர்ந்த விபத்தின் விளைவாக ஒரு காலை இழந்தார் நடனக் கலைஞர் சுதா சந்திரன். ஜெய்ப்பூர்க் கால் பொருத்திக்கொண்டு, 1984-இல் அவர் மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார்.

சமத்துவம் என்பது எது?

நல்ல பாதம் உருவானால் மட்டும் போதுமா? அது ஏழைக்கும் எட்ட வேண்டும். 1975-இல் ஜெய்ப்பூரில் டி. ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி, இந்தக் கால்களை இலவசமாகவே பொருத்துகிறது. உலக அளவில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உடற்குறை உள்ளோருக்கான துணைக் கருவிகள் சில செல்வ நாடுகளில் தேவைப்படுவோரில் 90 சதவீதம் பேருக்குக் கிடைக்கின்றன. சில ஏழை நாடுகளில் 3 சதவீதம் பேருக்கே கிடைக்கின்றன.

ஜெய்ப்பூர்க் காலும் குறையற்றதன்று. கையால் செய்யப்படுவதால் தரம் ஒரே சீராக இராது. எடையும் சற்றுக் கூடுதல். ஓட்டப் பந்தய வீரருக்கு வில்போல் வளைந்து உந்தும் கார்பன் இழைப் பாதமே ஏற்றது. எல்லோருக்கும் ஒரே பாதத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது. அவரவர் வாழ்க்கைக்கு ஏற்ற பாதம் அவரவருக்குக் கிடைப்பதே சமத்துவம்.

செயற்கைக் கால் செய்பவர் எஞ்சிய காலின் நீளத்தையும் சுற்றளவையும் அளந்தால் மட்டும் போதாது. "நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள்? எந்த நிலத்தில் நடக்கிறீர்கள்? என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். அந்த விடைகளும் அளவுகளே.