காங்கிரீட்டின் முதல் உலர்தல்

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் கோடையில் போடப்படும் மொட்டைமாடித் தளங்களில், கலவை கொட்டிய அன்று மாலைக்குள்ளேயே மயிரிழை வெடிப்புகள் தோன்றும்போது சிமெண்டின் தரத்தைக் குறைகூறுவதே வழக்கமாக இருப்பினும், பெரும்பாலும் அவற்றுக்குக் காரணம் மேற்பரப்பு நீரை இழக்கும் வேகமே ஆகும்.

காங்கிரீட் உலர்வதால் இறுகுவதில்லை. சிமெண்ட் நீருடன் வேதிவினை புரிந்து கூழ்மமாகவும் படிகமாகவும் மாறும் நீரேற்றத்தாலேயே இறுகுகிறது. புதிய கலவையில் ஜல்லியும் மணலும் கீழே அமர, நீர் மேலே கசிகிறது. 40 பாகை செல்சியசை ஒட்டிய வெயிலும் ஆற்றுவெளிக் காற்றும் அந்நீரைக் கசிவினும் விரைவாகக் கவர்ந்துகொண்டால், துகள்களிடையே எஞ்சிய நீர்ப்படலம் வளைந்து அவற்றை ஒன்றோடொன்று இழுத்து நெருக்குகிறது. வற்றிய காவிரிப் படுகையில் வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதும் இவ்விழுவிசையால்தான். ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு 1 கிலோகிராமுக்கு மேல் நீர் ஆவியாகும் நிலையைப் பொறியாளர்கள் அபாய எல்லையாகக் கொள்வர்.

இறுகிய காங்கிரீட்டின் இயல்பு இதனினும் வியப்புக்குரியது. நீருக்குள்ளேயே வைத்திருந்தால் அது சுருங்காமல் சிறிதளவு உப்புகிறது. வெளியே எடுத்து உலரவிட்டால் சுருங்குகிறது. மீண்டும் நனைத்தால் விரிகிறது, எனினும் முதல் அளவை முழுமையாக எட்டுவதில்லை. முதல் உலர்தலில் நெருங்கிய கூழ்மத்தின் நுண்துளைகள் மறுபடி முழுவதும் விலகாமையால், சுருக்கத்தில் ஒரு பகுதி நிலைத்துவிடுகிறது. ஆகவே அந்த முதல் உலர்தல், காங்கிரீட் இழுவிசையைத் தாங்கும் வலிமை பெற்றபின் நிகழ்கிறதா, அதற்கு முன்பே நிகழ்கிறதா என்பதைப் பொறுத்தே தளத்தின் நலம் அமைகிறது.

மொத்தச் சுருக்கத்தை இந்தியத் தரநிலை 456 தோராயமாக 0.0003 எனக் கொள்கிறது. அதாவது 10 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர். தடையின்றிச் சுருங்க முடிந்தால் இதனால் தீங்கில்லை. திருச்சிராப்பள்ளியில் 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தைப் போன்ற பாலங்களில் விடப்படும் இணைப்பு இடைவெளிகள், வெப்ப விரிவோடு இச்சுருக்கத்துக்கும் இடமளிக்கின்றன. வீட்டுத் தளத்தையோ சுவர்களும் தூண்களும் இறுகப் பிடித்திருக்கின்றன. உள்ளே ஈரம் இருக்க மேற்பரப்பு மட்டும் முந்திச் சுருங்குவதால் இழுவிசை மேலும் கூடுகிறது.

இந்நிலையில், கலவை இளகுவதற்காக நீரைக் கூட்டுவதும், உலர்ந்த சிமெண்டைத் தூவிக் கரணையால் பளபளப்பாக்குவதும் வருந்தத்தக்க பழக்கங்கள். ஜல்லியற்ற சிமெண்ட் பால் மேலே திரண்டு மிகுதியாகச் சுருங்குகிறது. அதனினும் பெரிய புறக்கணிப்பு, காவிரிக் கரையிலேயே மூன்றாம் நாள் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுவது. வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் சாதாரணச் சிமெண்டுக்கு 10 நாள்களும், சாம்பல் போன்றவை சேர்ந்த கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள்களும் குறையாமல் பாத்தி கட்டியோ ஈரச்சாக்கு போர்த்தியோ நனைத்துவைக்க வேண்டும் என்பது அத்தரநிலையின் அறிவுறுத்தல். வீடு கட்டுவோர் ஒப்பந்தம் எழுதும்போதே அந்நாள்களையும் அவற்றுக்கான கூலியையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.