முதற் பருவமும் குறுவையும்

காவேரிப் பாசன நிலங்களில் ஜூன் மாதத்தில் இரண்டு காரியங்கள் ஒருங்கே தொடங்குகின்றன. மேட்டூர் அணை வழக்கப்படி 12-ஆந் தேதி திறக்கப்படுவதை எதிர்நோக்கிக் குறுவை நாற்றங்கால்கள் தயாராகின்றன. கோடை விடுமுறை கழிந்து ஆரம்பப் பாடசாலைகளும் திறக்கப்படுகின்றன. 2012-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் முப்பருவ முறை ஏற்பட்டது முதல், ஜூனில் தொடங்கும் முதற் பருவம் செப்டம்பர் முடிவிற் காலாண்டு விடுமுறையோடு நிறைவெய்துகின்றது. ஏறக்குறைய 110 நாளில் விளையும் குறுவைப் பயிரும் அதே மாதங்களில் வளர்ந்து முதிர்கின்றது. பருவம் என்னும் ஒரே சொல் பயிருக்கும் படிப்புக்கும் வழங்குவது பொருத்தமே. ஆயினும் இவ்விரு பருவங்களும் ஒன்றையொன்று அறியாதன போலவே பெரும்பாலும் நடந்து வருகின்றன. பாடசாலைச் சுவருக்கு அப்பால் நடவு நடந்துகொண்டிருக்க, உள்ளே பிள்ளைகள் வேரையும் தண்டையும் இலையையும் படத்திற் பார்த்து மனப்பாடம் செய்கின்றனர்.

நாலாம் வகுப்பு ஒன்று குறுவையோடு சேர்ந்தே தன் முதற் பருவத்தை நடத்துமானால் அது எவ்வாறிருக்கும் என்பதும், அதற்கு நிலச்சொந்தக்காரரும் கிராம அதிகாரிகளும் எவ்வளவு துணைசெய்ய வேண்டியிருக்கும் என்பதும் இங்கே கூறப்படும்.

முதலில் வேண்டுவது ஒரு சென்ட் நிலம். பாடசாலைத் தாழ்வாரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் வயலொன்றின் மூலையாக இருந்தாற் போதும், விளைச்சல் சொந்தக்காரருக்கே. உழவும் தண்ணீரும் மற்ற வயலோடு நடந்துவிடுமாதலால் அவருக்குத் தனிச்செலவு ஏதுமில்லை. அந்த ஒரு சென்டை அளந்து முளையடிப்பதே வகுப்பின் முதல் வாரத்துக் கணக்குப் பாடம். 66 அடி நீளக் கயிற்றால் நான்கு பக்கமும் அளந்தால் 4,356 சதுர அடி, அதாவது 10 சென்ட். அதிற் பத்திலொன்று ஒரு சென்ட் என்பதைப் பிள்ளைகள் கரும்பலகையிற் காண்பதைக் காட்டிலும் வரப்பில் நடந்து காண்பது மறவாது. வீட்டிற் பாட்டனாரிடம் கேட்டு வரச்சொன்னால், 20 மா ஒரு வேலி என்றும், 12 மரக்கால் ஒரு கலம் என்றும் விடை வரும். ஒரு மா 33⅓ சென்ட் எனவும், ஆகவே ஒரு வேலி 6⅔ ஏக்கர் எனவும் வகுப்பிற் கணக்கிட்டு அவரிடமே திரும்பிச் சென்று சொன்னால், பாட்டனாருக்கு உண்டாகும் திருப்தி சிறிதன்று. கிராம நிர்வாக அலுவலர் ஒருநாள் அரைமணி நேரம் ஒதுக்கி, அந்த வயல் காணப்படும் புலப்படத்தையும் அடங்கலையும் பிள்ளைகளுக்குக் காட்டினால், தங்கள் ஊர் காகிதத்தில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றது என்பதையும் அவர்கள் அறிவர்.

இரண்டாவது வாரத்தில் விதை. ஒரு பாத்திரத்துத் தண்ணீரிற் புதிய கோழிமுட்டையை இடுவர். அது அடியிற் கிடக்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் முட்டை மேலெழும்பி, அதன் முதுகு மட்டும் சிறிது வெளியே தெரிய மிதக்கும். அந்நீரில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிற்று நெல்லும் மேலே வந்துவிடும். கனத்த விதை தங்கும். தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் உப்பு முளையைக் கெடுக்கும் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் வீட்டுக்குச் சென்று இதைச் செய்துபார்க்காத பிள்ளை இராது.

ஜூன் முடிவிலும் ஜூலையிலும் நடவு வருகின்றது. நாற்றின் வயதுக்குப் பெரியோர் வைத்த கணக்கு, பயிரின் மாதம் ஒன்றுக்கு வாரம் ஒன்று என்பது. ஏறக்குறைய மூன்றரை மாதத்துக் குறுவைக்கு இக்கணக்கு மூன்றரை வாரத்தைத் தரும். குறுகிய காலப் பயிருக்கு 18 முதல் 22 நாளே தகுந்த வயது என்று இலாகா கூறுவது இதற்குச் சற்று முந்தியது. பிள்ளைகள் நாற்றங்காலின் பக்கத்திலேயே நாளெண்ணும் கழியொன்றை நட்டு, தினம் ஒரு கோடு கீறி வருவர்.

ஆனால் இந்த வாரங்களிலேதான் வகுப்பில் இடங்கள் காலியாகின்றன. உபாத்தியாயர்கள் யாவரும் இதை அறிவர். பையன்களில் சிலர் வயலுக்குக் காப்பி கொண்டுபோவதற்கும் ஆடு மாடு பார்ப்பதற்கும் நின்றுவிடுகின்றனர். அவர்களை நாலு வார்த்தை சொல்லி அழைத்துக்கொண்டுவிடலாம். பெண் குழந்தைகளின் விஷயம் அத்தனை எளிதன்று. தாய் விடியுமுன் நடவுக்குச் செல்கின்றாள். வீட்டிலே ஒரு வயதுக் குழந்தை. அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையே நாள்முழுதும் வைத்துக்கொள்வர். ஆகவே கைக்குழந்தையை இடுப்பிற் சுமப்பதற்கு ஒன்பது வயதுப் பெண் பாடசாலையை விட்டு நிற்க வேண்டியதாகின்றது. நடவு முடிந்தாற் களையெடுப்பு வரும், பின்னர் அறுவடை. இவ்வாறு பத்துநாள் பத்துநாளாகப் போன படிப்பு முதற் பருவத்தின் பாதியைத் தின்றுவிடுகின்றது. திரும்பி வரும்பொழுது வகுப்பு பின்னத்தில் இருக்கும். அவள் வகுத்தலிலேயே நிற்பாள். அடுத்த வருஷம் அவளாகவே வர மறுப்பதற்கு வித்து அங்கே விழுகின்றது.

இதைத் தாயின் குற்றம் என்று சொல்லுவது எளிது, நியாயமன்று. ஒருநாட் கூலியை விடுவது அவளால் இயலாது. நடவு எந்த நாளில், எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று தீர்மானிப்பவர் அவள் அல்லள், நிலத்துக்குரியவரே. பரிகாரமும் அவர் கையிலேயே இருக்கின்றது. நடவு நடக்கும் வயலுக்கு அருகில் ஏதேனும் மரநிழலில் நான்கு தூளிகளைக் கட்டி, நடவுக்கு வர இயலாத மூதாட்டி ஒருத்தியைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தலாம். இருபது பேர் நடும் இடத்தில் இது இருபத்தோராவது கூலி. பால் கொடுக்கத் தாய்மார் வீட்டுக்கு ஓடித் திரும்பும் நேரம் மிச்சமாவதைக் கணக்கிட்டால் அதுவும் முழுச்செலவன்று. இயந்திர நடவு வந்துவிட்ட ஊர்களில் இத்தொல்லை குறைந்திருக்கலாம். ஆயினும் களையெடுப்புக்கு ஆள் வேண்டியே இருக்கின்றது.

கிராம அதிகாரிகள் நினைவில் வைக்கத்தக்கது ஒன்று. 2009-ஆம் வருஷத்துக் கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின்படி 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் வருகையைக் கவனிப்பது உள்ளூர் ஸ்தாபனத்தின் கடமையுமாகும். 1986-ஆம் வருஷத்துச் சிறார் தொழில் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பின்னர், 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு அமர்த்துதல் எத்தொழிலிலும் கூடாது. பாடசாலை நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலையில், சொந்தக் குடும்பத்துக்கு உதவுவது விலக்கு.

நட்ட பயிர் பிடித்துப் பச்சை கட்டியபின் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வகுப்புக்கு வேலை மிகுதி. இலைகளின் நுனிப்பக்கத்திற் பழுப்பு நிற ரோமம் போர்த்த சிறு திட்டுகள் காணப்படும். அவை தண்டுத் துளைப்பானின் முட்டைக் குவியல்கள். இறக்கையில் ஒரு கரும்புள்ளியுடைய மஞ்சள் நிறத் தாய்ப்பூச்சியையும் விடியலில் நாற்றின்மீது பார்க்கலாம். நடுமுன் நாற்றின் நுனியைக் கிள்ளி எறிவது முட்டையைக் களைவதற்கே என்பது பெரியவர்களிலும் சிலருக்குத் தெரிவதில்லை. பிள்ளைகள் கொணரும் முட்டைக் குவியல்களை உடனே நசுக்கிவிடாமல், கண்ணாடிப் புட்டியிலிட்டு வாயைத் துணியாற் கட்டி வைக்க வேண்டும். சில நாளிற் சிலவற்றிலிருந்து புழுக்கள் வெளிவரும். வேறு சிலவற்றிலிருந்தோ கண்ணுக்கு அரிதாகத் தெரியும் கரிய குளவிகள் புறப்படும். இக்குளவி முட்டைக்குள்ளேயே இருந்து அதைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி. புழுவை அழித்துக் குளவியைத் திறந்துவிடுவதை ஒருமுறை கண்ட பிள்ளை, வயலிற் பறப்பன யாவும் பகையல்ல என்பதைத் தகப்பனாரிடம் சொல்லும். மருந்து தெளித்த வயலில் மட்டும் எக்காரணத்தாலும் பிள்ளைகளை இறக்கலாகாது; எந்த நாளில் தெளிக்கப்பட்டது என்பதை நிலக்காரர் முன்னதாகவே உபாத்தியாயருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இலை வண்ண அட்டையும் பிள்ளைகளின் கைக்கேற்ற கருவி. காலையில், தன் நிழல் இலையின்மேல் விழுமாறு நின்று, நன்றாக விரிந்த மேலிலையை அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிடுவது. இவ்வாறு பத்துப் பயிர்களைப் பார்ப்பது. பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்டவை அவ்வகை நெல்லுக்குக் குறித்த பட்டையினும் வெளிறியிருந்தால் தழைச்சத்து இடும் காலம் வந்தது என்று பொருள். இல்லையேல் உரமூட்டை கொட்டகையிலேயே இருக்கலாம். அக்கம்பக்கத்தார் இட்டார்கள் என்பதற்காகவே யூரியா இடும் வழக்கத்துக்குப் பத்து வயதுப் பையன் கையிலுள்ள இவ்வட்டை நல்ல மறுமொழி.

மழைமானி வாங்கப் பணமில்லாத பாடசாலையில், பக்கங்கள் நேராக நிற்கும் கண்ணாடிக் குவளையும் மில்லிமீட்டர் அளவுகோலும் உதவும். காலையில் மணியடித்தவுடன் ஒரு பிள்ளை அளந்து சுவர்த்தாளில் எழுதும். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டுக் காட்டும் நாளில் வகுப்பு வாயடைத்துப் போகும்.

ஆகஸ்டு பிற்பகுதியிற் கதிர் வெளிப்பட்டு நெல் பூக்கும். நெற்பூவைப் பார்த்த குடியானவப் பிள்ளைகள் சிலரே. ஏனெனில் அது முற்பகலிற் சிறிது நேரமே விரிந்திருந்து மூடிக்கொள்கின்றது. முதல் இடைவேளைக்குமுன் வகுப்பை வரப்புக்கு அழைத்துச் சென்றால், இரண்டு உமிகளுக்கிடையே ஆறு மகரந்தப் பைகள் தொங்குவதை எண்ணிக் கொள்ளலாம்.

இதே மாதத்திலேயே விதைச் சோதனை. குறுவைக்கு இது காலங்கடந்தது; பாடசாலை திறக்குமுன்பே விதை நாற்றங்காலுக்குச் சென்றிருக்கும். ஆனால் சம்பாவுக்கும் தாளடிக்கும் வேளை இதுவே. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு விதைக்கோட்டையிலிருந்தோ மூட்டையிலிருந்தோ ஒரு பிடி கொண்டுவரும். நூறு மணிகளை வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை ஈரச் சாக்கிற் பரப்பி, சுருட்டி, நனைத்து வந்தால் எத்தனை முளைத்தன என்பது சில நாளில் தெரியும். சான்று விதை நெல்லுக்குக் குறைந்தபட்ச முளைப்பு நூற்றுக்கு 80. அறுபதே முளைக்கும் விதையானால், 24 கிலோ செய்யும் வேலைக்கு 32 கிலோ வேண்டும் என்பது நாலாம் வகுப்புப் பிள்ளை போடத்தக்க கணக்கே. "நம் வீட்டு விதையில் நாற்பது வரவில்லை" என்று பிள்ளை சொல்லும்பொழுது, அன்றிரவு அது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். மறுநாட்காலையில் தகப்பனார் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார். உபாத்தியாயர் முடிவுகளைப் பெயர் சொல்லி வகுப்பிற் படிக்காமல் அந்தந்தப் பிள்ளையிடம் சீட்டாகக் கொடுப்பது நலம். ஊரில் ஒருவர் விதையை மற்றொருவர் இகழ்வதற்குப் பாடசாலை இடமாதல் கூடாது.

இவற்றைக் கேட்டு, பிள்ளைகளை உழவிலேயே கட்டிவைக்கும் உபாயமோ இது எனச் சிலர் ஐயுறலாம். அவ்வையத்துக்குக் காரணம் உண்டு. 1953-ஆம் வருஷத்திற் சென்னை இராஜ்யத்தில் கிராம ஆரம்பப் பாடசாலைகளின் வகுப்பு நேரம் நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைக்கப்பட்டு, மீதிப்பொழுதிற் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகுவதென்று ஏற்பாடாயிற்று. பிறப்பால் வந்த தொழிலிலேயே பிள்ளையை நிறுத்துவது அது என்று கடும் எதிர்ப்பு எழுந்து, 1954-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. இங்கே கூறப்படுவது அதற்கு மாறானது. படிப்பு நேரத்தில் ஒரு நிமிஷமும் குறைவதில்லை. வயல் பாடப்புத்தகமாக வகுப்புக்குள் வருகின்றது. குடியானவர் மகனும் கடைக்காரர் மகளும் ஒரே கயிற்றைப் பிடித்து ஒரே சென்டை அளக்கின்றனர். 1937-இல் வார்தாவில் ஆராயப்பட்ட ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடத்தின் நடுவில் வைத்ததேயன்றி, அவரவர் குலத்தொழிலுக்கு அவரவரை அனுப்பியதன்று.

பாடசாலைக் கிணற்றடியில் முருங்கையும் கறிவேப்பிலையும் கீரையும் வைத்துச் சத்துணவுக் கூடத்துக்குக் கொடுப்பது பல ஊர்களிற் பழகிய காரியமாதலால் விரிக்க வேண்டுவதில்லை.

செப்டம்பர் முடிவில் பரீட்சையும் அறுவடையும் ஒரே வாரத்தில் வந்து மோதும். ஒரு சென்ட் வயலைப் பெரியவர்கள் அறுத்து அடித்துத் தர, பிள்ளைகள் தூற்றிய நெல்லை நிறுத்து நூறாற் பெருக்குவர். 25 கிலோ கிடைத்தால் ஏக்கருக்கு 2,500 கிலோ. பயிர் இன்ஷூரன்ஸுக்காக 5 மீட்டர் சதுரத்தில் நடத்தப்படும் அறுவடைப் பரிசோதனையும் இதே கணக்கில் நடப்பதே. அது ஊரில் நடைபெறும் நாளை அதிகாரிகள் பாடசாலைக்கு அறிவிக்கலாம். பரீட்சை நாட்களிலாவது பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் களத்துக்கு அழைக்காமலிருக்க நிலக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வது கடினமன்று. தூளிக்கிழவியை அறுவடைக்கும் மறவாமல் அமர்த்த வேண்டும்.

விடுமுறை கழிந்து அக்டோபரில் வகுப்பு திரும்பும்பொழுது வடகிழக்குப் பருவமழை நெருங்கியிருக்கும். மழைக்குவளையிற் சேர்ந்த சருகையும் தூசியையும் முதல் நாளே துடைத்து வைக்க வேண்டும். அவ்வருஷத்தில் அதற்கு மெய்யான வேலை அப்பொழுதுதான் தொடங்குகின்றது.