எண்ணெய்த் தொட்டியின் மேல் ஏறுவோம், வாருங்கள்!

துறைமுகத்துக்கு அருகிலோ, ரயில் பாதையை ஒட்டியோ வரிசையாக நிற்கும் பெரிய வெள்ளை உருளைகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றைச் சேமித்து வைக்கும் எஃகுத் தொட்டிகள் அவை. அவற்றைச் சுற்றி ஒரு படிக்கட்டு வளைந்து மேலே செல்லும். உள்ளே நுழைய நமக்கு அனுமதி கிடையாது. ஆகவே, மனத்தால் ஏறிப் பார்ப்போம்.

ஏறுமுன் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். எரிவது பெட்ரோல் என்ற திரவம் அன்று. அதன் ஆவிதான் எரிகிறது. அதுவும் காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். இந்த ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. எனவே மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தவழும். ஆவியும் காற்றும் கலவாமல் தடுப்பது, கலந்தால் தீப்பொறி நெருங்காமல் காப்பது – தொட்டியிலுள்ள கருவிகளின் வேலை இவ்வளவுதான்.

தொட்டுவிட்டு ஏறுங்கள்

படிக்கட்டில் கால் வைக்குமுன் வண்ணம் பூசாத உலோகக் கம்பியை வெறுங்கையால் தொட வேண்டும். நைலான் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று ஒலி கேட்பதில்லையா? அதே நிலைமின்சாரம் உங்கள் உடலிலும் சேர்ந்திருக்கலாம். தொட்டதும் அது பூமிக்குள் இறங்கிவிடும். தொட்டியும் உலோகப் பட்டையால் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

பெட்ரோல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. குழாயில் பாயும்போது அதில் மின்னூட்டம் ஏறும். ஏறியது மெல்லத்தான் இறங்கும். அதனால் பெரிய தொட்டியை நிரப்பி முடித்தவுடன் யாரும் அளவு நாடாவை உள்ளே விடுவதில்லை. அரை மணி நேரம் பொறுத்திருப்பது வழக்கம்.

மூச்சு விடும் தொட்டி

டீசல் போன்றவற்றுக்கு நிலையான கூரை உண்டு. அதன் உச்சியில் இருப்பது சுவாச வால்வு. வெயிலில் உள்ளேயுள்ள வாயு விரியும், இரவில் சுருங்கும். வால்வின் ஒரு மூடி வெளிப்பக்கம் திறந்து வாயுவை விடுகிறது. மற்றது உட்பக்கம் திறந்து காற்றை வாங்குகிறது.

வால்வு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கூரைத்தகடு 5 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரின் எடை சுமார் 39 கிலோகிராம். அதைத் தூக்க 4 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் போதும்! ஒரு குழாயில் வாய் வைத்து ஊதி நீங்களே இதைவிட அதிக அழுத்தத்தை உண்டாக்கலாம். 30 மீட்டர் விட்டமுள்ள கூரையின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர மீட்டர். ஆகவே இந்தச் சிறு அழுத்தம் 28 டன் விசையாகிறது. மாறாக, காற்று நுழைய வழியின்றி எண்ணெயை வெளியேற்றினால், உறிஞ்சிய பழச்சாற்று அட்டைப்பெட்டி ஒடுங்குவதுபோல் எஃகுத் தொட்டியும் நசுங்கிவிடும்.

மிதக்கும் கூரை

பெட்ரோல் எளிதில் ஆவியாகும். ஆகவே அதற்குக் கூரையையே திரவத்தின் மேல் மிதக்க விட்டார்கள். இடைவெளி இல்லையென்றால் ஆவி சேர இடமேது? எண்ணெய் ஏறினால் கூரையும் ஏறும்; இறங்கினால் இறங்கும்.

அப்படியானால் அதன் மேல் மனிதன் எப்படி இறங்குவது? இதற்கென்றே உருளும் ஏணி ஒன்று உண்டு. மேல்முனை சுவரின் உச்சியில் கீலில் தொங்குகிறது. கீழ்முனையின் சக்கரங்கள் கூரைமேல் தண்டவாளத்தில் உருளுகின்றன. கூரை தாழத் தாழ ஏணி செங்குத்தாகும். ஆனால் படிகள் மட்டும் எப்போதும் கிடைமட்டமாகவே இருக்கும். இரண்டு இணையான சட்டங்களில் படிகளைக் கீலால் இணைத்திருப்பதே இரகசியம். நீங்கள் வடிவியலில் படித்த இணைகரம்தான் இது!

கூரை தாழ்ந்திருக்கும்போது தொட்டி ஒரு கிணறு. கனமான ஆவி அங்கே தேங்கலாம். வாயுவைச் சோதித்த பிறகே, மேலே ஒருவரைக் காவல் நிறுத்திவிட்டு இறங்குவார்கள்.

ஒரு பூட்டின் கதை

2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலை. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கின் 912 எண் தொட்டியில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அளவுமானியின் முள் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டதுபோல், காட்டிய அளவு மாறாமல் நின்றுவிட்டது. தொட்டியோ நிரம்பிக்கொண்டே போனது. இப்படி நேர்ந்தால் எண்ணெய் வரத்தைத் தானே நிறுத்த ஒரு தனி மட்ட விசை அங்கே இருந்தது. அதைச் சோதிப்பதற்கு ஒரு நெம்புகோல். சோதித்தபின் அந்த நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு சிறு பூட்டு. அந்தப் பூட்டை யாரும் மாட்டவில்லை. வெளியார் கை வைக்காமல் இருக்கத்தான் பூட்டு என்று எண்ணிவிட்டார்கள். விசை வேலை செய்யவில்லை.

2,50,000 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வழிந்தது. ஆவி மேகம் தரையில் பரவியது. 6 மணி 1 நிமிடத்துக்குப் பயங்கர வெடிப்பு! 43 பேர் காயமுற்றனர். விடுமுறை நாளின் விடியற்காலையாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரில் கசிந்த பெட்ரோல் ஆவி வெடித்தபோது 11 பேர் மாண்டனர்.

பன்ஸ்ஃபீல்டில் கருவி இல்லாமல் போகவில்லை. அதன் ஒரு சிறு பகுதி எதற்காக என்று தெரியாமல் போனது, அவ்வளவே. நாளை உங்களில் சிலர் இத்தகைய இடங்களில் பொறியாளராகவோ, தொழிலாளராகவோ பணிபுரியலாம். அந்தப் பழக்கத்தை இன்றே பள்ளி ஆய்வுக்கூடத்தில் தொடங்குங்கள். ஒரு திருகையோ மூடியையோ ஒதுக்கி வைக்குமுன் "இது எதற்கு?" என்று ஆசிரியரைக் கேளுங்கள். விடை தெரிந்த பிறகு அதை நீங்களே உரிய இடத்தில் பொருத்திவிடுவீர்கள்.