எஞ்சின் எண்ணெய் எங்கே போகிறது?

குற்றாலத்தில் சாரல் விழுந்து குளங்களில் நீர் சேர்ந்ததும், இலத்தூர், தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் கார்ப் பயிருக்குத் தொளி அடிக்கும் வேலை மும்முரமாகிவிடும். சிறு வயல்களிலும் குறுகிய வரப்புகளிடையிலும் இவ்வேலைக்கு ஏற்றது பவர் டில்லர். அந்நாட்களில்தான் “எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது” என்ற முறையீடும் எழும். அதற்குப் பட்டறையில் உடனே கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: “போர் எடுத்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்ற வேண்டும்.” இவ்விடை சில சமயம் சரியானது, பல சமயம் வீண் செலவு. மடையில் நம் முறை வரும்போது யந்திரம் பிரித்துக் கிடந்தால் நாற்று முதிர்ந்துவிடும். சங்கத்துக் கடனின் வட்டியோ நிற்பதில்லை. ஆகவே, எண்ணெய் போகும் வழியைக் கண்ட பிறகே யந்திரத்தைப் பிரிக்க இசைய வேண்டும்.

நம் நாட்டில் டில்லர் பரவியதற்கு ஜப்பானியரின் தொழில்நுணுக்கம் பெரிதும் துணை நின்றது. பெங்களூரில் 1967-இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியோடும், கேரளத்து அத்தாணியில் 1973-இல் தொடங்கிய காம்கோ நிறுவனம் குபோட்டாவோடும் கூட்டுக்கொண்டு இவற்றைச் செய்யலாயின. இவ்வகை எஞ்சின்களில் ஒரே ஸிலிண்டர் படுக்கைவாட்டில் அமைந்து, தண்ணீரால் குளிர்விக்கப்படுகிறது. இந்தப் படுக்கை அமைப்பை நினைவில் வைத்துக்கொள்வது நலம். ஏனெனில் முதல் தவறு அளப்பதிலேயே நேர்கிறது. கைப்பிடி தாழ்ந்தோ உயர்ந்தோ நின்றால் உள்ளே எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்து, அளவுக் கம்பி பொய் சொல்லும். யந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம் கழித்து, கம்பியைத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பார்ப்பது உசிதம். மேல் கோட்டுக்கு மேல் ஊற்றுவதும் தீங்கே. மிகுதியான எண்ணெயைக் கிராங்கு கடைந்து, மூச்சுக்குழல் வழியே வெளியே தள்ளிவிடும்.

எந்த நல்ல எஞ்சினும் சிறிது எண்ணெயை எரிக்கவே செய்யும். 100 லிட்டர் டீசல் செலவாகும்போது எண்ணெய் ஒரு லிட்டருக்குள் குறைந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. இதை அறிய டீசல் ஊற்றும் நாளையும் எண்ணெய் ஊற்றும் நாளையும் ஒரு சிறு நோட்டில் குறித்தாலே போதும். “அடிக்கடி ஊற்றுகிறோம்” என்பது கணக்காகாது.

அளவு மிஞ்சினால் முதலில் வெளிக்கசிவைத் தேடுக. சேறும் பிசுக்கும் படிந்த எஞ்சினில் கசிவைக் காண இயலாது. எஞ்சின் ஆறியபின் தூரிகையால் டீசல் தடவிக் கழுவி, நன்றாய்த் துடைத்து உலரவிட்டு, ஐயமுள்ள இணைப்புகளில் சுண்ணாம்புத் தூளைப் பூசுங்கள். (திருநீறும் இதற்கு உதவும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது.) அரை மணி ஓடவிட்டு, அணைத்தபின் பார்த்தால் நனைந்த தடம் தெளிவாகத் தெரியும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். சுழலும் சக்கரம் அதை நாற்புறமும் வீசும். எனவே சொட்டுகிற இடத்தில் குற்றம் தேடாமல், நனைவின் உச்சியைத் தேட வேண்டும். வால்வு மூடியின் பேக்கிங், வடிகால் திருகு, கிராங்குத் தண்டு வெளிவரும் இடத்து ஆயில் சீல் ஆகியவை வழக்கமான இடங்கள்.

இங்கே பலர் ஏமாறுவதுண்டு. புதிய சீல் போட்டுப் பத்து நாளில் மறுபடியும் கசிகிறது. சீல் மட்டமானது என்று கடைக்காரரைக் குறை கூறுகின்றனர். குற்றம் மூச்சுக்குழலில் இருக்கலாம். பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகையில் கிராங்கு அறைக்குள் காற்று அழுந்தும். அது வெளியேறவே அக்குழல் வைத்திருக்கிறது. சேறு புகுந்து அது அடைத்துக்கொண்டால், உள்ளழுத்தம் எண்ணெயை எந்த மெலிந்த இடத்தின் வழியாகவும் பிதுக்கிவிடும். குழலைக் கழற்றிச் சுத்தம் செய்யக் காசு செலவில்லை. சுத்தமான குழலிலிருந்து இலேசான துடிப்போடு காற்று வருவது ஒற்றை ஸிலிண்டர் எஞ்சினுக்கு இயல்பு. புகையோடு விசையாக ஊதினால் ரிங்கைத் தாண்டி வாயு இறங்குகிறது எனக் கொள்ளலாம்.

வெளியே ஈரமே இல்லாவிடில், சைலென்ஸர் புகையைக் கவனியுங்கள். எண்ணெய் எரிந்தால் புகை நீலம். காலையில் கிளப்பும்போது மட்டும் நீலமாக வந்து பிறகு தெளிந்தால், வால்வுக் கைடு தேய்ந்திருக்கலாம். அதற்குப் போர் எடுக்கத் தேவையில்லை. தொளியில் இறங்கிப் பாரம் ஏற ஏற நீலப்புகை மிகுந்தால்தான் ரிங்கும் லைனரும் ஐயத்துக்குரியவை. கறுப்புப் புகை எண்ணெயைப் பற்றியதன்று. டீசல் மிகுதி அல்லது காற்று வடிகட்டியின் அடைப்பு. சாரல் குளிரில் தொடக்கத்தில் வரும் வெண்புகைக்காக ஒருவரும் பதற வேண்டா.

நீலப்புகை கண்டதும் ரிங் என்று தீர்ப்பளிக்குமுன் காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்கவும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகையில், குறித்த கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சி எரிக்கும். யந்திரம் வரப்பில் கவிழ்ந்து எழுந்த பின்னும் இவ்வாறு நேரும். இது சிறு விஷயமன்று. டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் வேகமெடுத்து ஓடக்கூடும். கவிழ்ந்த யந்திரத்தை நிமிர்த்தியவுடன் கிளப்பலாகாது. கிண்ணத்தைச் சரிபார்த்து, டீகம்ப்ரஷன் பிடியை இழுத்துக்கொண்டு கையால் சில சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்ற மறுத்தால் வலிந்து சுற்றாமல் மெக்கானிக்கை அழைப்பதே முறை.

அதே வடிகட்டியில் வெடிப்போ தளர்ந்த இணைப்போ இருந்தால் களத்துத் தூசி உள்ளே சென்று ரிங்கை அரைத்துவிடும். அதைச் சீராக்காமல் ரிங் மட்டும் மாற்றினால், புதிய ரிங்கும் அவ்வழியே போகும்.

தண்ணீர்த் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, கம்பியில் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தாலோ, எண்ணெயும் நீரும் உள்ளே கலக்கின்றன. ஹெட் காஸ்கட்டைப் பார்க்கச் சொல்லி, அதுவரை ஓட்டாமலிருங்கள்.

மின்தடைக்காகத் தறிக்கூடத்தில் டீசல் ஜெனரேட்டர் வைத்துள்ள நெசவாளர் அங்கத்தினர்களுக்கும் இச்சோதனைகளிற் பெரும்பாலானவை பொருந்தும்.

எண்ணெய் குறையாமல் ஏறுவதும் உண்டு. மகிழ்ச்சிக்குரிய செய்தியன்று அது. டீசல் பம்பிலோ இஞ்செக்டரிலோ கசிவு ஏற்பட்டு டீசல் எண்ணெயில் இறங்குகிறது. கம்பியை முகர்ந்தால் டீசல் மணக்கும். விரலிடையில் தேய்த்தால் வழுவழுப்புக் குறைந்து நீர்த்திருக்கும். இந்நிலையில் ஒரு நாள் உழவும் பேரிங்கைத் தின்றுவிடும். எண்ணெயை முழுதும் வடித்துவிட்டு, கசிவை அடைத்த பின்னரே, யந்திரப் புத்தகத்தில் குறித்த தரத்து எண்ணெயை ஊற்றி ஓட்ட வேண்டும்.