இரண்டு கட்டைக்கு இறக்கிப் பாருங்கள்

கோப்பாயில் வயலின் பழகும் பிள்ளை மூன்றாம் நாலாம் தரத்தைத் தாண்டியதும் வீட்டில் ஒரு கதை எழும்: இந்த வயலின் இனிப் போதுமா, புதிது வாங்க வேண்டுமா? படிப்புக்கான வழி கிட்டடியில்தான் இருக்கிறது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் முதலாம் தரத்தில் தொடங்கி கலாவித்தகர் பட்டம் வரை போகின்றன. 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதி. கோப்பாய்க்குள்ளேயே ஆசிரிய கலாசாலையும் இருக்கிறது. வாத்தியந்தான் தூரத்திலிருந்து வரவேண்டும். உலகெங்கும் விற்கும் மாணவர் வயலின்களில் மிகப் பெரும்பகுதி சீனாவின் ஹுவாங்சியாவோ போன்ற தொழிற்சாலை ஊர்களில் செய்யப்படுபவை. அவற்றைக் கொழும்பு வழியாகவோ, லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினர் கையாலோ பெறுகிறோம். 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபின் இறக்குமதிப் பொருள் எதுவும் பழைய விலையில் இல்லை. ஆகவே 'நல்லதாக ஒன்று வாங்கிவிடுங்கள்' என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. மரத்தில் குறை இல்லாத ஒரு மாணவர் வயலின், சரியாகச் செப்பனிட்டால், பிள்ளையைப் பல தரங்கள் தாண்டிக் கொண்டுபோகும் என்பதே என் கணிப்பு. அது எந்த இடத்தில் தடுமாறும் என்பதைப் பரீட்சைத் தரத்தை வைத்துச் சொல்ல முடியாது. எந்தச் சுருதியில் யாருக்காக வாசிக்கிறோம் என்பதை வைத்துத்தான் சொல்லலாம்.

மாணவர் வயலின் என்ற பெயரில் இரண்டு சாமான்கள் விற்கப்படுகின்றன. ஒன்று ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைத்தது. மற்றது மேற்பலகைக்கு ஸ்புரூஸ் மரத்தையும் முதுகுக்கு மேப்பிள் மரத்தையும் குடைந்து செய்தது. வெளியே பூச்சு ஒன்றுபோலவே மினுங்கும். வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் மேற்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மேலே நேர்கோடுகளாக ஓடும் மரத்தின் ரேகை வெட்டு விளிம்புக்குள்ளும் இறங்கினால் அது முழுமரம். வேஃபர் பிஸ்கற்றைப்போல அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை வயலினுக்குச் செலவழிப்பதில் பயனில்லை. ஸ்வரம் பிடிக்கப் பழகும் காலத்தோடு அதை விட்டுவிடலாம். இனிச் சொல்வதெல்லாம் முழுமர வயலினைப் பற்றியது.

முழுமர வயலினைப் பற்றி எழும் குறைகளில் பாதி வயலினுடையவையே அல்ல, அதைப் பூட்டிய விதத்தினுடையவை. நாம் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடதுகைக்கு இல்லாததால் விரல் தந்தியோடு மேலும் கீழும் வழுக்கிப் போகிறது. கமகம் பிறப்பது அந்த வழுக்கலில்தான். அதனால் மேற்கத்திய மாணவரைவிட நம் மாணவர் விரற்பலகையை அதிகம் தேய்க்கிறார். மலிவான வயலினில் அது கருங்காலியாக இராது; மெதுவான மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். இரண்டு மூன்று வருடத்தில் இரண்டாம் தந்திக்குக் கீழே சாயம் போய், வெளிறிய மரத்தில் மெல்லிய பள்ளம் விழும். காம்போதியின் காந்தாரத்தில் இருந்து மத்திமத்துக்கு ஏறும் விரல் அந்தப் பள்ளத்தில் இடறும். பிள்ளைக்கு அசைவு வரவில்லை என்று ஆசிரியரும் பெற்றோரும் நினைப்பார்கள். பலகையைச் சீவி மட்டப்படுத்தினாலோ கருங்காலிப் பலகை மாற்றினாலோ அந்தக் குறை தீரும். பிரிட்ஜ் உயரமாக இருந்தால் தாரஸ்தாயியில் விரல் நோகும். அதையும் தேய்த்து இறக்கலாம். தந்தியை முறுக்கும் பிரடை வழுக்கிச் சுருதி நில்லாமல் போவதும் இந்த வகைதான். வில்லை மறந்துவிடுகிறோம்: ஒரே வில்லில் நீளமாக இழுக்கும் நம் வாசிப்பில், நுனிக்குப் போகும்போது துள்ளுகிற வில் நல்ல வயலினையும் கெடுத்துவிடும். இவையெல்லாவற்றையும் சேர்த்துச் செய்தாலும் புது வயலினின் விலையில் ஒரு பங்குதான் ஆகும். கைதேர்ந்த திருத்துநர் அருமை என்பது உண்மையே. ஆனால் அந்த அருமை விலைகூடிய வயலினுக்கும் உண்டு, அதைப் பிழையாகத் திருத்தினால் நட்டம் இன்னும் பெரிது.

இப்போது மரத்தின் குறைக்கு வருவோம். வயலின் என்ற பெட்டி மேற்கத்திய சுருதிக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டது. அங்கே முதல் தந்தி ஏறத்தாழ 659 ஹேர்ட்ஸ், இரண்டாவது 440, மூன்றாவது 294, நாலாவது 196. இரண்டு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலுக்கு நாம் பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம் என்று சேர்க்கும்போது அவை 440, 294, 220, 147 ஆக இறங்கிவிடுகின்றன. அதே தந்தியை மூன்றில் இரண்டு பங்கு அதிர்வுக்கு இறக்கினால் அதன் இழுவிசை ஒன்பதில் நான்கு பங்காகும். மேல் இரண்டு தந்திகளும் பாதிக்கும் குறைவான விறைப்பிலும், கீழ் இரண்டும் பாதியைச் சற்றே தாண்டிய விறைப்பிலும் நிற்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், 440உம் 294உம் வியோலா என்ற பெரிய வாத்தியத்தின் முதலிரு தந்திகளுக்கு உரிய ஸ்தானங்கள். அந்த இறக்கத்துக்காகத்தான் அதன் பெட்டியையே பெரிதாக்கினார்கள். நாமோ 35 சென்றிமீற்றரைச் சற்றுத் தாண்டிய பெட்டியிடம் அந்த வேலையைக் கேட்கிறோம். வயலினுக்குள் இருக்கும் காற்று இயல்பாக அதிர்வது 270, 280 ஹேர்ட்ஸ் அளவில். அதற்குக் கீழே போகப்போக அடிநாதம் மெலிந்து, அதன் மேல்நாதங்களே காதுக்கு எட்டும். பலகையைக் கவனமாக மெல்லிதாக்கிச் செய்த வயலின் அந்த மேல்நாதங்களைத் திரட்டி ஒரு நிறைவைத் தந்துவிடும். தொழிற்சாலை வயலினில் உடையாமல் இருக்கட்டும் என்று பலகையைத் தடிப்பாக விட்டுவிடுவதுண்டு. தளர்ந்த தந்தி தடித்த பலகையை அசைக்காது. மந்திரஸ்தாயி ஷட்ஜம் பெட்டிக்குள் கிடந்து முனகும்.

ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலுக்குச் சேர்த்தால் நிலைமை வேறு. இரண்டாம் தந்தி 392இல் நிற்கும். விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சும். இரண்டு கட்டையில் முனகிய அதே வயலின் இங்கே வாய்திறந்து பேசும். தனி வாசிப்பில் சுருதியைத் தெரிவு செய்வது வாசிப்பவர் கையில். அரைக் கட்டை, ஒரு கட்டை உயர்த்தி வயலினுக்கு இசைவான இடத்தில் நிறுத்தலாம். பக்கவாத்தியம் என்று மேடையேறும்போது அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. பாடகரின் கட்டைதான் கட்டை, அவர் மந்திரத்தில் நின்று ஆலாபனை செய்தால் கூடவே இறங்கத்தான் வேண்டும். மாணவர் வயலினின் எல்லைக்கோடு எனக்குத் தெரிவது இங்கேதான்.

தடித்த தந்தி போட்டால் சரிவராதா என்று கேட்கலாம். ஓரளவு வரும், முதலில் செய்து பார்க்க வேண்டியதும் அதுதான். ஆனால் தடித்த தந்தி வில்லுக்குத் தாமதமாகவே பதில் சொல்லும், துரிதகாலத்தில் அந்தத் தாமதம் கேட்கும். மைக் இருக்கிறதே என்ற வாதம் கோயில் திருவிழாக் கச்சேரிகளைப் பார்த்தவர்களுக்கு இயல்பாக வரும். மைக் இருப்பதைப் பெருக்கும், இல்லாத அடிநாதத்தைப் பெருக்காது. மூக்கொலி வயலினின் மூக்கொலிதான் நாலு வீதிக்கும் போகும். அந்தக்கால வித்துவான்கள் எந்த வயலினில் படித்தார்கள் என்றும் கேட்பார்கள். வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியத்தின் பாலபாடம் யாழ்ப்பாணத்தில்தான் நடந்தது; தந்தை வி. லட்சுமிநாராயணா இங்கே கற்பித்தார், 1958 இனக்கலவரத்தின்பின் குடும்பம் சென்னைக்குப் போனது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எது சரியான நாதம் என்று காட்ட வீட்டிலேயே ஒரு வித்துவான் வாசித்துக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு மற்ற ஆறு நாளும் நாதத்தைக் காட்டுவது அதன் வயலின் மட்டுமே.

அப்படியானால் கடன்பட்டாவது விலைகூடியதை வாங்குவோம் என்பதும் சரியல்ல. 2010இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸில் ஒலியியல் ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் 21 வயலின் கலைஞர்களுக்குக் கண்ணை மறைத்து ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள்: மூன்று புதியவை, இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி. பெரும்பாலோர் விரும்பியது புதியவற்றை. எல்லாவற்றிலும் அதிகம் பிடிக்காமல் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி. அந்தப் புதியவை கைதேர்ந்தவர் செய்தவை, மாணவர் வயலின்கள் அல்ல. ஆயினும் விலைச்சீட்டை நம்பித் தெரிவு செய்ய முடியாது என்பதை அந்தப் பரிசோதனை காட்டிவிட்டது. அது மேற்கத்திய சுருதியில் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. லண்டன் கடைக்காரர் புகழும் வயலினும் அவர் வாசித்துக்காட்டும் உயரத்தில்தான் புகழப்படுகிறது. உறவினர் அங்கே வாங்குவதாக இருந்தால், காசு கொடுக்க முன்பு நாலு தந்தியையும் இரண்டு கட்டைக்கு இறக்கி, நாலாம் தந்தியை விரல் வையாமல் முழு வில்லில் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். தொலைபேசி வேண்டாம், அது அடிநாதத்தை வடித்துவிடும். நாலடி தள்ளி நிற்கிற ஒருவர் காதால் கேட்க வேண்டும்.