ஒலிப்பதிவில் தாமதம்: கணித்தலும் திருத்தலும்

மாணவர்களே, கண்டி தலதா வீதியில் எசல பெரஹெராவைத் தூரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். மேளக்காரரின் கை தோலில் விழுந்த பின்னரே ஓசை உங்களை வந்தடையும். 24 பாகை செல்சியசில் வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 346 மீற்றர். எனவே 100 மீற்றர் தொலைவில் தாமதம் 289 மில்லிசெக்கன் (மி.செ.). கணினியிலும் இத்தகைய தாமதம் உண்டு. ஆனால் அங்கு காரணம் தூரம் அன்று.

கணினி மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கையாள்வதில்லை. பபர் எனப்படும் தற்காலிக நினைவகம் நிறைந்த பின்னரே அவற்றைத் தொகுதியாக எடுக்கும். செக்கனுக்கு 44,100 மாதிரிகள் எனின், 512 மாதிரிகள் கொண்ட பபரின் தாமதம் 512 ÷ 44,100, அதாவது 11.6 மி.செ. பலர் இத்துடன் நிறுத்திப் புள்ளிகளை இழக்கின்றனர். ஒலியை வெளியே அனுப்பி, எக்கோ கருவியொன்றினூடாக மீண்டும் உட்செலுத்தும்போது வெளியீட்டுக்கு ஒரு பபர், உள்ளீட்டுக்கு ஒரு பபர். ஆகவே 23.2 மி.செ. இலக்கமுறை, ஒப்புமை மாற்றிகளின் சிறு தாமதமும் இதனுடன் சேரும்.

பபரை 128 ஆகக் குறைத்தால் இரு வழித் தாமதம் 5.8 மி.செ. இது 2 மீற்றர் தள்ளி நிற்கும் மேளத்தைக் கேட்பது போன்றதே. வாசிப்பவருக்கு இடைஞ்சல் இராது. ஆனால் ஒவ்வொரு தொகுதியையும் 2.9 மி.செ.க்குள் முடிக்க முடியாத பழைய கணினியில் ஒலி அறுந்து 'டிக், டிக்' எனக் கேட்கும்.

தமிழ்த் தினப் போட்டிக்கு மிருதங்கத்தைப் பதிவு செய்துவிட்டீர்கள். இனிக் கலவை மட்டுமே. இப்போது பபரைக் குறைக்கத் தேவையில்லை. அளந்து திருத்துங்கள். வெளியீட்டுத் துளையையும் உள்ளீட்டுத் துளையையும் வயரால் இணைத்து, குறுகிய 'டிக்' ஒலியொன்றை அனுப்பிப் பதியுங்கள். அது 1,102 மாதிரிகள் பிந்தி வந்தால் (25 மி.செ.), கருவியிலிருந்து திரும்பிய பதிவை அவ்வளவு முன்னே நகர்த்துங்கள். பபரை மாற்றினால் மீண்டும் அளக்க வேண்டும்.

சிறு தாமதம்தானே என விடலாகாது. மூல ஒலியும் 1 மி.செ. பிந்திய அதன் பிரதியும் சம அளவில் கலந்தால் 500 ஹேர்ட்ஸ், 1,500 ஹேர்ட்ஸ் ஆகிய மீடிறன்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வாசிப்பவர் உணராத தாமதம் மிருதங்கத்தின் நாதத்தையே மெலிவித்துவிடும்.

பயிற்சி: செக்கனுக்கு 48,000 மாதிரிகள், பபர் 256, மாற்றிகளுக்கு மொத்தம் 60 மாதிரிகள். இரு வழித் தாமதம் யாது?
(விடை: 572 மாதிரிகள், 11.9 மி.செ.)